மலைநகரில் ஒரு சிறு கடல்

கண்டி நகருக்குக் கடல் இல்லை. மலைகள் அரண்போற் சூழ்ந்து நிற்க, ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், நடுவே ஒரு வாவியும் பக்கத்தே மகாவலி கங்கையும் கொண்டு விளங்குவது அந்நகர். கொழும்புக் கடற்கரை அங்கிருந்து ஏறத்தாழ 115 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. ஆயினும் கண்ணாடித் தொட்டியிற் கடல்நீரை நிரப்பி, அதில் இரண்டு கோமாளி மீன்களை வளர்த்துப் பார்க்கும் ஆசை மலைநகரத்தாருக்கும் உண்டு. இலங்கையில் இது புதிய ஆசையுமன்று. தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிற் பணியாற்றியவரும் பெயர்பெற்ற சுழியோடியுமான ரொட்னி ஜொங்கிளாஸ், கடலின் அலங்கார மீன்களைப் பிடிக்கும் முறைபற்றி 1975 இல் ஒரு நூலே எழுதினார்.

ஒரு காலத்தில் இவ்வாறு மீன் வளர்த்து, வேலையின் சுமையாற் கைவிட்டவர்கள், ஓய்வு கிடைத்ததும் பழைய தொட்டியைத் துடைத்தெடுப்பது இயல்பு. இம்முறை பெரிய தொட்டி வேண்டாம், 60 லீற்றர் கொள்ளும் சிறிய தொட்டி போதும் என்று அவர்கள் எண்ணுவர். சிறியது எளியது என்பது அவர்கள் துணிபு. உண்மையோ அதற்கு மாறானது. கோடை வந்ததும் அது புலனாகிவிடும்.

கடலின் பரப்பே அங்கு வாழும் உயிர்களுக்குக் காவல். நாள் முழுவதும் வெயில் எரித்தாலும் ஆழ்ந்த கடல்நீரின் வெப்பம் அன்றைய பொழுதிற் பெரிதும் மாறுவதில்லை. இலங்கையைச் சூழ்ந்த கடல் ஆண்டின் பெரும்பகுதியில் 27 முதல் 30 பாகை செல்சியஸ் வரையிலேயே நிற்கின்றது. கண்டியின் காற்றோ அவ்வாறன்று. மார்ச், ஏப்ரல் மாதங்களிற் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவதுண்டு. இரவில் அது 20 பாகையை அண்மிக்கும். பெருங்கடல் உணராத இந்த ஏற்றவிறக்கத்தைச் சிறு தொட்டி ஒவ்வொரு நாளும் உணர்கின்றது. அதன்மேல் விளக்கும் நீரிறைக்கும் இயந்திரமும் தத்தம் வெப்பத்தைச் சேர்க்கின்றன.

வெப்பம் மிகும்போது மீனுக்கு நேரும் முதல் இடர் மூச்சுத்திணறல். நீர் சூடேறச் சூடேற அதிற் கரைந்து நிற்கும் பிராணவாயு குறையும். 25 பாகையில் ஒரு லீற்றர் கடல்நீர் ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 பாகையில் அது 6.2 மில்லிகிராமாகின்றது. கண்டியின் உயரத்திற் காற்றின் அமுக்கம் குறைவாதலால், இதிலும் இருபதில் ஒரு பங்கு குறைகின்றது. அதே வேளையில் வெப்பம் மீனின் உடலியக்கத்தை விரைவுபடுத்துகின்றது. வரவு குறையுங்காலத்திற் செலவு பெருகும் குடும்பத்தின் நிலையே மீனின் நிலையும். நீர்மட்டத்தில் வாய் திறந்து மீன் தவிப்பதைப் பசியென்று எண்ணி உணவைத் தூவுவோர் உளர். உண்ணாத உணவு அழுகி, எஞ்சியிருந்த பிராணவாயுவையும் கவர்ந்துவிடும்.

இரண்டாவது இடர் உப்பு மிகுதல். கடல்நீரின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 60 லீற்றரில் 5 லீற்றர் வற்றினால், எஞ்சிய நீரின் லீற்றர் ஒவ்வொன்றிலும் 38 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். ஆதலால் வற்றிய அளவுக்கு உப்பில்லாத நன்னீரையே ஊற்றுதல் வேண்டும்; உப்புநீரை ஊற்றினாற் கேடு இரட்டிக்கும். தொட்டியின் புறத்தே நீர்மட்டத்திற்கு ஒரு கோடு கீறி, நாள்தோறும் அக்கோட்டிற்கு நீரைக் கொணர்வது எளிய வழி. குழாய்நீராயின் அதிலுள்ள குளோரினை முதலில் நீக்கிக்கொள்ளல் அவசியம்.

வெப்பத்தைத் தணிக்கும் வழியும் இவ்வாவியாதலிலேயே உள்ளது. மண்பானை நீரைக் குளிரச்செய்யும் நியதி இங்கும் செல்லும். தொட்டியின் மூடியை அகற்றி, சிறு மின்விசிறியொன்றை நீர்ப்பரப்பின்மேல் வீசச்செய்தால் வெப்பம் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது கொண்டுசெல்லும் வெப்பம், 60 லீற்றர் நீரை 9 பாகையளவு குளிர்விக்கப் போதுமானது. புறத்திலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருப்பதால் முழுப்பயனும் கிட்டுவதில்லை. பனிக்கட்டியை நீரில் இடுவது தகாது. அது வெப்பத்தைத் திடீரெனச் சரித்து, மீனை மேலும் வாட்டும். தகரக் கூரையின்கீழும் மேற்குச் சாளரத்தருகிலும் தொட்டியை வையாமல், வெயில் படாத உட்சுவரோரம் வைத்தல் நலம். இரவுக் குளிருக்கு, 25 பாகையில் தானே இயங்கும் சூடாக்கி ஒன்று கண்டியிற் பயன்படும்.

மின்சாரம் நின்றுபோனால் என்செய்வது என்பதையும் முன்னரே எண்ணவேண்டும். 2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிலவியது. கோடையும் மின்வெட்டும் ஒருங்கே வந்த காலம் அது. மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றூதி ஒன்று அத்தகைய வேளையில் உயிர்காக்கும். அதுவும் இல்லாதவர், ஒரு குவளையால் நீரை முகந்து முகந்து மேலிருந்து ஊற்றினாற் காற்று நீரிற் கலக்கும்.

மீண்டும் தொடங்குவோர் மறந்துவிடும் செய்திகள் இன்னும் இரண்டு உண்டு. சமையலுப்பைக் கரைத்தாற் கடல்நீர் ஆகாது. ஆனையிறவு போன்ற உப்பளங்களில் நீர் வற்றும்போது சுண்ணச்சத்தின் பெரும்பகுதி முதலிற் படிந்துவிடுகின்றது. மக்னீசியச் சத்து எஞ்சிய கசப்புநீரோடு வெளியேறுகின்றது. நடுவே விளைவதே நம் உணவுக்கு வரும் உப்பு. எனவே மீன்தொட்டிக்கென ஆக்கப்பட்ட கலவையுப்பே வேண்டும். அடுத்து, பரணிற் கிடந்த பழைய மணலில் உயிர் இல்லை. மீனின் கழிவிலிருந்து எழும் அமோனியா நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள், மணல் காய்ந்தபோதே மடிந்துவிட்டன. அவை மீண்டும் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். பழகிய கையென்ற துணிவால் முதல்நாளே மீனை விடுபவர், சில நாட்களில் அதனை இழப்பார்.

இவ்வளவு பாடும் இரண்டு சிறு மீன்களுக்காகவோ என்று வினவலாம். கோமாளி மீன் நன்கு பேணப்பட்டால் தொட்டியிற் பத்தாண்டுக்கு மேலும் வாழும். தொட்டியிலேயே முட்டையிட்டுப் பெருகவும் வல்லது. அவ்வாறு வளர்ப்பிற் பிறந்த மீன்களை வாங்கினாற் கடலுக்குக் குறைவில்லை. உயிருள்ள முருகைக்கற்களைப் பெயர்த்தெடுப்பதை இலங்கைச் சட்டம் தடுத்துள்ளது. அத்தடைக்குத் தக்க காரணமும் உண்டு. 1998 இற் கடல்நீர் வழக்கத்திற்கு மீறிச் சூடேறியபோது, இக்கடுவைக் கரையின் முருகைக்கற்கள் வெளிறிப் பெரும்பாலும் மடிந்தன. சில பாகை வெப்பத்தைப் பெருங்கடலின் உயிர்களே தாங்கமாட்டாதபோது, 60 லீற்றர் நீர் எவ்வாறு தாங்கும்?

கடலுக்குக் காவல் அதன் பரப்பு. சிறு தொட்டிக்குக் காவல் அதனை வைத்திருப்பவரின் கண். காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்து, கோட்டளவுக்கு நன்னீர் ஊற்றி, அளவாக உணவிடும் பொறுமை உடையவர்க்கு மலைநகரிலும் கடல் வசப்படும். அப்பொறுமைக்கு நேரம் இல்லாதவர், தொட்டியை இன்னும் சிலகாலம் பரணிலேயே விட்டுவைத்தல் மீனுக்குச் செய்யும் உதவியாகும்.