விறைப்பான தொங்கல் அமைப்பு

விறைப்பான தொங்கல் அமைப்பு என்பது, தானுந்து வளைவுகளில் மிகுதியாகச் சாயாதிருக்க விறைப்பான சுருள்வில்களையும் வலுவான அதிர்வுத் தணிப்பிகளையும் கொண்டு அமைக்கப்படும் சசுப்பென்சன் ஆகும். இதில் சாலையின் மேடுபள்ளங்கள் பயணிகளை அதிகம் உலுக்குகின்றன.

சொகுசைக் கூட்டும் வழிகள்

* காற்றழுத்தம்: அளவுக்கு மீறிக் காற்றடைத்த டயர் அதிர்வைக் கூட்டும். எனினும் உற்பத்தியாளர் குறித்த அளவிற்குக் கீழே இறக்கினால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும்.
* டயர்: 225/40 ஆர்18 டயருக்குப் பதிலாக 205/55 ஆர்16 பொருத்தினால், மொத்த விட்டம் ஏறத்தாழ மாறாமல் பக்கச்சுவர் 90 மி.மீ.இலிருந்து 113 மி.மீ. ஆக உயரும். சிறிய சக்கரத்தினுள் தடைக் கருவி அடங்குமா எனப் பார்த்தல் வேண்டும்.
* சுருள்வில்: இதனை மட்டும் மென்மையாக்கினால் தணிப்பியுடன் பொருந்தாது, இரண்டையும் இணையாக மாற்றுவதே முறை.
* காந்தப்பாய்மத் தணிப்பி: 2002இல் காடிலாக் செவில் தானுந்தில் அறிமுகமானது. காந்தப்புலத்தால் பாய்மத்தின் தடிப்பை மாற்றி, சொகுசையும் பிடிப்பையும் ஒருங்கே தருகிறது.