மாநகரங்களும் காலநிலையும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். உணவும் தொழிலும் அவற்றின் வழித் தோன்றுங் கருப்பொருள்களாம். நிலமும் பொழுதும் மாந்தர் வாழ்வை அமைக்குமேயன்றி மாந்தர் அவற்றை மாற்றார் என்பதே நெடுங்காலம் நிலவிய எண்ணம். இற்றைநாளில் அம்முறை பிறழ்ந்துவிட்டது. மாநகரங்கள் நிலத்தை மட்டுமன்றிப் பொழுதையும் மாற்றுகின்றன; மாறிய பொழுதின் கொடுமைக்கு அவையே இலக்காகவும் ஆகின்றன. இதனைச் சிறிது விளக்குவாம்.

நகரத்து வெப்பம் இருவகைத்து. ஒன்று அவ்விடத்துக்கே உரியது. லூக் ஹவாட் என்னும் ஆங்கிலேயர் 1818 ஆம், 1820 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்ட நூலில், லண்டன் நகரம் இரவில் அயற்கிராமங்களினும் வெப்பமுடையது எனக் காட்டினார். பகலில் ஞாயிற்றின் வெப்பத்தை உட்கொண்ட கல்லும் சீமெந்தும் தாரும் இரவில் அதனை மெல்ல வெளிவிடுகின்றன. நீரை ஆவியாக்கி வெப்பந் தணிக்கும் மரமும் ஈரநிலமும் நகரத்தில் அருகிவிட்டன.

மற்றையது உலகனைத்துக்கும் பொதுவானது. நிலக்கரியும் எண்ணெயும் எரிதலால் எழும் காபனீரொட்சைட்டு, புவியினின்று வெளியேறும் வெப்பத்தைத் தடுத்து வைக்கின்றது. 2020 ஆம் ஆண்டில் காபனீரொட்சைட்டு, மெதேன் ஆகியவற்றின் உலக வெளியீட்டில் 67 முதல் 72 சதவீதம் வரை நகரங்களுக்குரியதென, காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2022 ஆம் ஆண்டு அறிக்கையிற் கணித்தது. நகரத்தார் நுகரும் பொருள்களைப் பிறவிடங்களில் ஆக்குங்கால் எழும் வாயுவும் இக்கணக்கிற் சேரும்.

இனி, நம் தலைநகரப் பகுதியை நோக்குவாம். கொழும்பு களனி கங்கையின் தென்புறத்தே தாழ்நிலத்தில் வளர்ந்த நகரம். பெருமழை நீரை ஏற்று நிறுத்திப் பின் மெல்ல விடுவன அதனைச் சூழ்ந்த சதுப்பு நிலங்கள். நகரம் பெருக, அவை பயனற்றவை எனக் கருதப்பட்டுப் பலவிடங்களில் மண்ணிட்டு நிரப்பப்பட்டன. வீடுகள் பெருகின, நீர் நிற்க இடஞ் சுருங்கியது. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறின் வளி ஏறத்தாழ 7 சதவீதம் மிகுதியான நீராவியைத் தாங்கவல்லது. ஆதலின் பெய்யும் மழையும் கடுமையாகின்றது. 2010 நவம்பரிற் பாராளுமன்ற வளவினுள்ளும் வெள்ளம் புகுந்தது. 2016 மே மாதத்திற் களனி கங்கை பெருகிக் கொலொன்னாவைப் பகுதியை மூழ்கடித்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் காலநிலை மாற்றமே காரணமென்றல் பொருந்தாது. ஆயினும் மழை வலுக்குங் காலத்தில் நீரின் இருப்பிடத்தை அழித்தல் அறிவுடைமையன்று.

மீதொட்டமுல்லையில் நிகழ்ந்ததும் எண்ணத்தக்கது. தாழ்ந்த ஈரநிலத்தில் நகரத்துக் குப்பை ஆண்டுக்கணக்காக மலைபோற் குவிக்கப்பட்டது. இவ்வாறு குவிந்த குப்பை அழுகுங்கால் மெதேன் வாயு எழும். இருபது ஆண்டுக் கால அளவில், காபனீரொட்சைட்டினும் எண்பது மடங்குக்கு மேல் வெப்பம் பிடிக்கவல்லது அது. 2017 ஏப்ரல் 14 ஆந் திகதி, புத்தாண்டு நாளில், அம்மலை சரிந்து முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். குப்பையை ஆக்கியோர் நகரெங்கும் இருந்தனர். மாண்டோர் அதன் அடியில் வாழ்ந்த எளியோர். காலநிலைக் கேட்டின் இயல்பும் இதுவே. மிக நுகர்பவர் ஒருவர். மிகத் துன்புறுபவர் மற்றொருவர்.

2018 ஆம் ஆண்டிற் கொழும்பு, உலகின் முதற் பதினெட்டு ராம்சர் ஈரநில நகரங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. எஞ்சிய சதுப்பு நிலங்கள் வெள்ளந் தாங்கும், வெப்பந் தணிக்கும், தம் சேற்றிற் காபனையும் அடக்கி வைக்கும். ஆயின் பட்டம் நிலத்தைக் காவாது. மக்களே காத்தல் வேண்டும். நாளை பொறியியலாளராகவும் நிருவாகிகளாகவும் விளங்கவிருக்கும் நம் மாணவர், வெற்று நிலம் என ஒன்றைக் குறிக்குமுன், மழைநாளில் அங்கே நிற்பது யாது என வினவுவாராக. அவ்வினாவே நகரத்தைக் காக்குங் கல்வியின் தொடக்கமாம்.