வாசனை இல்லாத விஷம்: குளியல் அறையில் கியாஸ் கீசர் வைக்கலாமா?

மார்கழி பிறந்துவிட்டால் மும்பையிலும் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்ற முடிவதில்லை. 6 மணி லோக்கல் ரெயிலைப் பிடிக்க வேண்டிய கணவர், 7 மணிக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள், அதற்குள் டிபன் டப்பா கட்ட வேண்டிய மனைவி. ஒரே அடுப்பில் சோறும் வடித்து, நாலு பேருக்கு வெந்நீரும் போட நேரம் ஏது?

இந்தக் கஷ்டத்துக்கு மருந்தாக வந்ததுதான் கியாஸ் கீசர். குழாயைத் திறந்ததும் உள்ளே தீப்பிடிக்கும். வெந்நீர் உடனே கொட்டும். டார்ச் விளக்குக்குப் போடுவது போன்ற இரண்டு பாட்டரி இருந்தால் போதும், மின்சாரம் வேண்டாம். கரண்ட் பில்லுக்குப் பயந்த குடும்பங்கள் பல இதை வாங்கி மாட்டிக் கொண்டன. வாங்குவதில் தவறு இல்லை. எந்த இடத்தில் மாட்டுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

2020-ம் ஆண்டு ஜனவரி மாதம் போரிவிலியில் 15 வயது மாணவி ஒருத்தி குளிக்கப் போன இடத்திலேயே மயங்கி விழுந்தாள். சில நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தும் பிழைக்கவில்லை. தீ விபத்து நடக்கவில்லை. சிலிண்டரும் வெடிக்கவில்லை. கீசர் எரிந்தபோது உண்டான கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவே அவள் உயிரைக் குடித்தது.

மூக்கு காட்டிக் கொடுக்காது

சமையல் கியாசுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே ‘மெர்காப்டன்’ என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அதனால் கியாஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். கியாஸ் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு அப்படி அல்ல. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணும் எரியாது.

நல்ல காற்றோட்டம் இருந்தால் கியாஸ் நீல நிறமாக முழுமையாக எரியும். கரியமில வாயுவும் நீராவியும்தான் மிஞ்சும். காற்று குறைந்தால் அரைகுறையாக எரியும். அப்போதுதான் இந்த விஷம் பிறக்கிறது. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருளோடு இது பிராணவாயுவை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக் கொள்ளும். மூச்சு சீராகத்தான் வரும், ஆனால் உடம்புக்குப் பிராணவாயு போய்ச் சேராது.

முதலில் தலை வலிக்கும், சுற்றும், குமட்டும். ‘காலையில் வெறும் வயிறு, அதனால்தான்’ என்று நினைக்கத் தோன்றும். அடுத்து கை கால் தளரும். தாழ்ப்பாளை எட்டித் திறக்கவும் பலம் இருக்காது.

ஒரு சின்னக் கணக்கு

4 அடிக்கு 4 அடி குளியல் அறை, 8 அடி உயரம் என்று வைத்துக் கொள்வோம். அதில் இருப்பது 128 கன அடி காற்று. நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர், சமையல் அடுப்பின் ஐந்து பர்னர்களைச் சேர்த்து எரிப்பதற்குச் சமம். 10 நிமிடத்தில் ஏறக்குறைய 150 கிராம் கியாஸ் தீரும். அது ஒழுங்காக எரிய 60 கன அடிக்கு மேல் காற்று வேண்டும்.

கதவும் ஜன்னலும் மூடியிருந்தால், ஒருவர் குளித்து முடிப்பதற்குள் அறையின் பாதிக் காற்றுக்கு வேலை வந்துவிடுகிறது. அவ்வளவு குறையும் வரை விஷம் காத்திருப்பதும் இல்லை. பிராணவாயு கொஞ்சம் குறைந்தாலே தீ கெடத் தொடங்கிவிடும். ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கும் வீட்டில், கடைசியில் உள்ளே போகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியில் குளிப்பது பெரும்பாலும் வீட்டுத் தாய்தான்.

எங்கே மாட்டுவது?

கீசரைக் குளியல் அறைக்கு வெளியே மாட்ட வேண்டும். பால்கனியோ, திறந்த ஜன்னல் உள்ள சமையல் அறையோ நல்லது. சுவர் வழியாக வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். கீசரோடு வரும் சிறு புத்தகத்திலும் இந்த எச்சரிக்கை இருக்கும். பலர் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

எக்சாஸ்ட் பேன் போட்டுவிட்டால் போதும் என்று எண்ணக்கூடாது. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரவும் வழி வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கீசரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலிண்டர் கியாசில் ஓடும் சிறிய கீசர்களுக்கு 2005-ம் ஆண்டில் வகுத்த தர விதியின் எண் ஐ.எஸ். 15558. ரப்பர் டியூபும் முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். 5 ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும்.

மும்பையில் பல கட்டிடங்களுக்கு இப்போது குழாய் கியாஸ் வந்துவிட்டது. சிலிண்டருக்கு வாங்கிய கீசரை அப்படியே குழாய் கியாசில் மாட்டக்கூடாது. இரண்டுக்கும் அழுத்தம் வேறு, தீ வரும் துளையின் அளவும் வேறு. குழாய் கியாஸ் இணைப்பில் கம்பெனியின் அனுமதி பெற்ற ஆள்தான் கை வைக்கலாம். தெருமுனை பிளம்பரை வைத்துப் பிரித்து இழுப்பது வினையை விலைக்கு வாங்குவது.

தீ மஞ்சளாக எரிந்தாலும், கீசர் மேல் கரி படிந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள்

சொந்த வீட்டுக்காரர் நினைத்த இடத்தில் மாட்டலாம். வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? ‘சுவரில் ஓட்டை போடாதே’ என்பார் வீட்டுக்காரர். 11 மாத ஒப்பந்தம் முடியும் நேரத்தில் அவரைப் பகைத்துக் கொள்ள யாருக்கும் மனம் வராது. சில வீடுகளில் கீசர் ஏற்கெனவே குளியல் அறைக்குள்ளேயே தொங்கிக் கொண்டிருக்கும்.

டிபாசிட் கொடுக்கும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும். தண்ணீர் வருகிறதா என்று கேட்பவர்கள், கீசர் எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். சில அடி குழாய்க்கும் ஒரு நாள் கூலிக்கும் ஆகும் செலவு, ஓர் உயிருக்கு முன்னால் பெரிதல்ல என்பதை வீட்டுக்காரரும் உணர வேண்டும்.

இடம் மாற்றும் வரை ஒரு வழி உண்டு. கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து, வெளியில் நின்றபடி பக்கெட்டில் வெந்நீர் பிடிக்க வேண்டும். கீசரை அணைத்து, சிறிது நேரம் காற்று போக விட்டு, அதன் பிறகே உள்ளே போய்த் தாழிட வேண்டும். ஒவ்வொருவர் குளிக்கும்போதும் இப்படியே செய்ய வேண்டும். இது தற்காலிக வழிதான்.

மயங்கி விழுந்தால்

உள்ளே போனவர் குரல் கொடுக்கவில்லை என்றால் தயங்காமல் கதவை உடைக்க வேண்டும். கியாசை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, மயங்கியவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வர வேண்டும். உள்ளே போகிறவர் அங்கு நின்று தாமதித்தால் அவரும் விழுந்துவிடுவார்.

108 ஆம்புலன்சை அழைத்து, ‘கியாஸ் கீசர் எரிந்து கொண்டிருந்தது’ என்று தவறாமல் சொல்ல வேண்டும். தெரிந்தால்தான் டாக்டர் உடனே பிராணவாயு கொடுப்பார். கண் விழித்துவிட்டார் என்று வீட்டிலேயே படுக்க வைப்பது தவறு. சிலிண்டர் கியாஸ் கசிந்தால் அழைக்க வேண்டிய எண் 1906. அது இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது.

ஊரை விட்டு வந்து பாடுபடுவது பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயன் இல்லை. இன்று வேலை முடிந்து வீடு திரும்பியதும், கீசர் எங்கே தொங்குகிறது என்று ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள்.