காற்றுக்கு வேலி போடும் மரங்கள்!

குட்டீஸ், 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, பெரம்பலூர் கரிசல் காட்டில் மண்ணின் ஈரம் பறந்துவிடும்! மேற்கேயிருந்து வீசும் அந்த வறண்ட காற்று பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் வாட்டி எடுத்துவிடும். இதைத் தடுக்க ஒரு வழி, காற்று வரும் திசைக்குக் குறுக்கே மரங்களை வரிசையாக நடுவது.

'அதற்குச் சுவரே கட்டிவிடலாமே?' என்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. சுவரில் மோதும் காற்று மேலே எழும்பி, மறுபக்கம் சுழன்றடித்து இறங்கும். மர வரிசையோ சல்லடை மாதிரி. கொஞ்சம் காற்றை இலைகளுக்கு இடையே விட்டு, வேகத்தைக் குறைத்து அனுப்பும். மரம் 10 மீட்டர் உயரம் இருந்தால், அதற்குப் பின்னால் 100 மீட்டர் தூரத்துக்குக் காற்று அடங்கி வீசும். ஆனால், நடுவில் ஒரு மரம் பட்டுப்போனால் போச்சு! அந்தச் சந்தில் காற்று இன்னும் வேகமாகப் புகும்.

எனவே, வறட்சியில் பிழைக்கிற மரமாகப் பார்த்து நட வேண்டும். வேம்பு, புளி, புங்கன் எல்லாம் கெட்டிக்கார மரங்கள். செம்மண் நிலத்துக்குச் சவுக்கும் நல்லது. பனைக்கு ஈடு இல்லை. 2018ஆம் ஆண்டு கஜா புயலில் தென்னைகள் சாய்ந்தபோதும் பல இடங்களில் பனைகள் அசையாமல் நின்றன. என்ன, வளர ரொம்ப வருடம் ஆகும்!

உயர்ந்த மரத்தின் அடியில் இலை இருக்காதே, காற்று கீழே நுழையாதா? நுழையும். அதற்குத்தான் நொச்சி, ஆடாதோடை, கிளுவை போன்ற செடிகள். கிளுவைக் கொம்பை ஒடித்து நட்டாலே துளிர்க்கும். ஆடாதோடையை ஆடு கடிக்காது. 'ஆடு தொடாத இலை' என்பதால்தான் இந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

சீமைக் கருவேலமும் வறட்சியைத் தாங்குமே? தாங்கும். ஆனால், வேலியில் நிற்காமல் வயலுக்குள்ளும் ஏரிக்குள்ளும் பரவிவிடும். அது வேண்டவே வேண்டாம்.

அமெரிக்காவில் 1930களில் புழுதிப் புயல் வயல்களை நாசமாக்கியது. அங்கே 1935 முதல் 1942 வரை சுமார் 22 கோடி மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். நம் அரியலூரிலும் சிமென்ட் ஆலைகள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைச் சுற்றி மரம் வளர்க்கிறார்கள். அது தூசியைப் பிடிக்க!

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மேற்கு வரப்பில் மரம் நட்டவருக்குக் காற்று அடங்கும். பக்கத்து வயல்காரருக்கோ காலை நிழலும், ஈரத்தை உறிஞ்சும் வேரும்தான் மிச்சம். சண்டை வராமல் இருக்குமா? இரண்டு பேரும் பேசி வைத்து நட்டால் நல்லது. இல்லையென்றால் ஊர்கூடி வண்டிப்பாதை ஓரம், ஓடைக்கரை என்று பொது இடமாகப் பார்த்து நடலாம். ஐப்பசி மழையில் கன்று நட்டால், அடுத்த ஆடிக் காற்று வருவதற்குள் வேர் பிடித்திருக்கும்.