கடைசியாக யார் அவுட்?

பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கரையேற்றி வைத்த ஃபைபர் படகுதான் பெவிலியன். டென்னிஸ் பந்து உயரே எழும்ப, அண்ணாந்தபடியே ஓடிவந்த இரண்டு பையன்கள் மடேரென்று மோதிக்கொண்டார்கள். ஒருவன் உடனே எழுந்துவிட்டான். இன்னொருவன் மெதுவாக எழுந்து மணலைத் தட்டிவிட்டு, "யாரு பேட்டிங்?" என்றான். சொன்னார்கள். அரை நிமிடம் கழித்து மறுபடியும், "யாரு பேட்டிங்?"

கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் ஊசியைக் கீழே வைத்தார். "கடசியா யார்ரா அவுட்டு?" பையன் யோசித்துத் தப்பான பெயரைச் சொன்னான். "நீ குந்து. டேய், இவனுக்கு பதிலா நீ போ." படகு விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தவன் குதித்து ஓடினான். ஆட்டம் தொடர்ந்தது.

சர்வதேச கிரிக்கெட் இந்த ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தது 2019 ஆகஸ்டில்தான்.

அந்தப் பையனின் தலைக்குள் நடந்ததை பழவேற்காடு ஏரிக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். தண்ணீருக்குள் லேசாக வரும் வலை, படகில் இழுத்துப் போடும்போது கனக்கும். மூளையும் அப்படித்தான். வெளியே எடுத்து நிறுத்தால் சுமார் 1,400 கிராம். மண்டைக்குள் மூளைத் தண்டுவடத் திரவத்தில் மிதப்பதால் வெறும் 50 கிராம் அளவுக்கே அழுத்துகிறது. அந்த மிதப்புதான் அதற்குப் பாதுகாப்பு. ஆனால் முகத்துவாரத்து மணல்திட்டில் படகு தட்டி நின்றால், உள்ளே இருப்பவர் முன்னால் போய் விழுவாரே, அதேபோல மண்டையோடு நின்ற பிறகும் மூளை நகர்கிறது. இதைவிட மோசமானது தலை சட்டென்று திரும்புவது. தண்ணீர்க் குடத்தை வெடுக்கென்று திருகினால் குடம் திரும்பும், உள்ளிருக்கும் நீர் உடனே திரும்பாது. மூளையில் இப்படி நடக்கும்போது மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இதைச் சரிக்கட்ட மூளைக்கு ஏராளமான சக்தி வேண்டும். அந்த நேரம் பார்த்து அங்கே ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது.

எலும்பு முறியவில்லை, ரத்தம் கசியவில்லை. ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுவதுமாகத் தடுக்க அதனால் முடியாது. அடிபட்ட ஆளைக் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. நல்லா இருக்கிறோமா என்று பார்த்துச் சொல்ல வேண்டிய உறுப்பிலேயே அடி பட்டிருக்கிறது.

2019 ஆகஸ்ட் 17, லார்ட்ஸ் மைதானம். இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் அடித்தது. 80 ரன்னில் வெளியேறியவர், மருத்துவச் சோதனைகளில் தேறி, திரும்பி வந்து 92 வரை ஆடினார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தெரிந்தன. அவருக்குப் பதிலாக இறங்கிய மார்னஸ் லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றின் முதல் தலைக்காய மாற்று வீரர். அவர் சந்தித்த இரண்டாவது பந்தே ஹெல்மெட் கம்பியில் மோதியது. எழுந்து 59 ரன் அடித்தார்.

அதற்கு முன்பு மாற்று ஆள் ஓடிப் பந்து பொறுக்கலாம், பேட்டும் பிடிக்க முடியாது, பந்தும் வீச முடியாது. கிட்டத்தட்ட ஒப்புக்குச் சப்பாணி. அடிபட்டவர் வெளியேறினால் அணிக்கு ஓர் ஆள் குறையும். அதனாலேயே எத்தனையோ பேர் மயக்கத்தை மறைத்துக்கொண்டு ஆடினார்கள். 2014 நவம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு இறந்த பிறகுதான் உலகம் இதைத் தீவிரமாக யோசித்தது.

நம் பக்கத்துக் கதை இன்னும் பழையது. 1962 மார்ச்சில் பார்படோஸில் சார்லி கிரிஃபித்தின் பந்து இந்தியக் கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையை உடைத்தது. அன்று ஹெல்மெட்டே கிடையாது. மேற்கிந்தியத் தீவுகள் கேப்டன் ஃபிராங்க் வொரெல் ரத்தம் கொடுத்தார். பிறகு கான்ட்ராக்டரின் தலையில் உலோகத் தகடு பொருத்தியது வேலூரில், 1949இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கிய மருத்துவர் ஜேக்கப் சாண்டி. 60 ஆண்டு கழித்து, 2022இல்தான் அந்தத் தகட்டை எடுத்தார்கள். கான்ட்ராக்டர் உயிர் பிழைத்தார், ஆனால் மறுபடி டெஸ்ட் ஆடவே இல்லை.

மாற்று வீரரை அனுமதிக்கும் புதிய விதியிலும் சண்டை உண்டு. 2020இல் கான்பெராவில் ஜடேஜாவுக்குப் பதில் வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்தார். 2025 ஜனவரியில் புனேயில் சிவம் துபேக்குப் பதில் வந்த ஹர்ஷித் ராணாவும் மூன்று விக்கெட் எடுத்தார். பேட்ஸ்மேனுக்குப் பதில் வேகப்பந்து வீச்சாளரா என்று எதிரணியான இங்கிலாந்து கொதித்தது, அதில் நியாயமும் இருந்தது. இப்போது மாற்று வீரர்களின் பெயரை ஆட்டத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். காயம் உறுதியானால் குறைந்தது ஏழு நாள் ஓய்வு. என்னைக் கேட்டால், சில விக்கெட்டுகள் அநியாயமாகப் போனாலும் பரவாயில்லை. ஆறுவதற்கு முன் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம்.

இன்னொன்று. அந்த அண்ணன் கேட்ட கேள்வியைத்தான் மருத்துவர்களும் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியக் கால்பந்துக்காக ஆய்வாளர் டேவிட் மேடாக்ஸ் தொகுத்த கேள்விகளில் ஒன்று, கடைசியாக யார் ஸ்கோர் செய்தது என்பது. ஊர் பேரெல்லாம் பழைய நினைவு. அடிபட்டவருக்கும் பெரும்பாலும் சட்டென்று வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு முன் நடந்ததுதான் நழுவும். திரும்பத் திரும்ப வாந்தி, அடங்காத தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு பக்கக் கைகால் தளர்வு, இவற்றில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

மறுநாள் சாயங்காலம் பையன் படகு விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அண்ணன் அதே கேள்வியைக் கேட்டார். சரியாகச் சொன்னான்.

"அப்போ ஆடட்டுமாண்ணா?"

"அடுத்த வாரம் பாக்கலாம், குந்து."