அசைவே மூட்டின் உணவு

எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் இடம் மூட்டு எனப்படும். அங்கே எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியுள்ளது. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போது, மூட்டினுள் உள்ள திரவமே அதற்கு ஊட்டம் அளிக்கிறது.

நெடுநேரம் அமர்ந்தே இருப்பவர்க்கு இடுப்பு மூட்டுகள் நெகிழ்வை இழக்கின்றன. குனியும்போது அவை போதிய அளவு வளையாவிடில், கீழ்முதுகின் 5 முள்ளெலும்புகள் மிகுதியாக வளைய நேர்கிறது. அதனால் முதுகுவலி தோன்றலாம்.

மூட்டுவாதத்தின் ஒரு வகையில் குருத்தெலும்பு தேய்கிறது. வலிக்கு அஞ்சி அசையாதிருந்தால் மூட்டு மேலும் இறுகும். மட்டுமீறிய நெகிழ்வும் நன்றன்று. வலிய தசைகளே மூட்டைத் தாங்குகின்றன. ஆகவே நடத்தல், நீந்துதல் போன்றவற்றை நாள்தோறும் அளவோடு செய்தல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்: நெகிழ்வு – வளைந்துகொடுக்கும் தன்மை, மட்டுமீறிய – அளவுக்கு மிஞ்சிய.