வாத்தை உதைத்த தொகுதி!

குட்டீஸ்... டொனால்ட் டக் வாத்தை, கூபி நாய் எட்டி உதைத்தால் எப்படி இருக்கும்? அச்சு அசலாக அந்த வடிவத்தில் ஒரு தேர்தல் தொகுதியே இருந்தது!

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில்தான் இந்தக் கூத்து. நம் லோக்சபா போல, அங்கே பிரதிநிதிகள் சபை. தொகுதிக்கு ஒரு உறுப்பினர்.

மக்கள்தொகை கணக்கெடுப்பு முடிந்ததும், 2011ல் மாநில சட்டசபை தொகுதி எல்லைகளைத் திருத்தியது. அங்கே குடியரசுக் கட்சிக்கு பெரும்பான்மை. விடுவார்களா? எதிர்க்கட்சி ஓட்டுகளை சில தொகுதிகளில் மட்டும் மொத்தமாக அடைத்து விட்டனர். மற்ற தொகுதிகளில் அவை சிதறின. அதற்காக வளைத்து, நெளித்து வரைந்ததுதான், பிலடெல்பியாவை ஒட்டிய அந்த 7வது தொகுதி. ஓரிடத்தில் அதன் அகலம், ஒரு ஓட்டல் கட்டடம் அளவுதான்!

2012 தேர்தலில், மாநிலம் முழுவதும் அதிக ஓட்டு வாங்கியது, ஜனநாயகக் கட்சி. ஆனால், 18 இடங்களில் அதற்கு கிடைத்தது, ஐந்தே ஐந்து!

தொகுதிக்கு ஒருவராக, 18 வாக்காளர்கள் வழக்கு போட்டனர். '2011 வரைபடம் செல்லாது' என, 2018 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, புது வரைபடத்தையும் வெளியிட்டது.

அந்த நவம்பரில் தேர்தல் நடந்தது. இரு கட்சிக்கும் தலா ஒன்பது இடங்கள். கூபியையும், டொனால்டையும் வரைபடத்தில் காணவில்லை!